சாப்பிடாத அரை மணிக்குச் சம்பளம் பிடிக்கிறார்கள்

டெக்சாஸில் முதுநிலைப் படிப்புக்கு வந்து இரண்டு செமஸ்டர் முடிந்துவிட்டது. வளாகத்துக்குள் இருக்கும் கேன்டீனில் வேலைக்குச் சேரப்போகும் தம்பி தங்கைகள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேன்டீனை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ஒப்பந்த நிறுவனம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. விசாவில் இருப்பவனுக்குத் தெரியும் அந்தப் பயம்.

வாரம் மூன்று ஷிப்ட், மாலை 4.30 முதல் இரவு 11 வரை. மணிக்கு 7.25 டாலர். 2009 முதல் அசையாமல் நிற்கும் மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் அது; ஒரு சென்ட் கூடுதலாகக் கிடையாது. பீட்சா கவுண்டரில் நான் ஒரே ஆள். ஒன்பது மணிக்குப் பசி காதை அடைக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றபடியே டப்பாவைத் திறந்து இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிடுவேன். அதற்குள் கவுண்டரில் மணி அடிக்கும். கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். பல நாள் அந்த டப்பா பாதி நிறைந்தபடியே அறைக்குத் திரும்பியிருக்கிறது.

சம்பளச் சீட்டை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கணக்கில் பணம் விழுந்ததே பெரிது என்று இருந்துவிட்டேன். டிசம்பரில்தான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் எதிரே ‘உணவு இடைவேளை 0.50’ என்று இருந்தது. கணினி தானாகவே அரை மணியைக் கழித்துக்கொண்டிருந்தது. 15 வாரம், 45 ஷிப்ட், 22.5 மணி நேரம். ஏறக்குறைய 163 டாலர்.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “இடைவேளை உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. நீ எடுக்காதது உன் பிரச்சினை” என்றார். கவுண்டரை யார் பார்ப்பது என்றதற்குப் பதிலே இல்லை.

இங்கேதான் நம்மவர்கள் பலர் குழம்புகிறார்கள். வயது வந்தவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டமும் சொல்லவில்லை, டெக்சாஸ் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே இடைவேளை தரவில்லை என்று மட்டும் புகார் செய்தால் எடுபடாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தைச் சம்பளத்தில் கழிக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் நம்மை வேலையிலிருந்து முழுதாக விடுவித்திருக்க வேண்டும். ஐந்து முதல் இருபது நிமிடம் வரையிலான சிறு இடைவேளை கொடுத்தால், அது சம்பளத்தோடுதான்.

நல்லவேளையாக, “கவுண்டரை விட்டு நகராதே” என்று மேற்பார்வையாளர் என் கைப்பேசிக்கு அனுப்பிய செய்திகளை நான் அழிக்கவில்லை. அவற்றோடு நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு மூன்று முறை நடந்தேன். செய்தி இருந்த 12 ஷிப்ட்டுகளுக்கு மட்டும், 43.50 டாலர் திரும்ப வந்தது.

பிப்ரவரியில் அடுத்த கூத்து. ஆள் குறைவு. “வாரத்தில் இருபது மணி நேரம் ஆனதும் கார்டைத் தேய்த்து வெளியேறிவிட்டு, உள்ளே வந்து உதவி செய். அந்த நேரத்தை அடுத்த வாரத்தில் போட்டுவிடுகிறேன்” என்றார் மேற்பார்வையாளர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். வளாகத்தில் இரண்டு வேலை பார்த்தாலும் இரண்டும் சேர்த்தே கணக்கு. ஏட்டில் எந்த வாரத்தில் எழுதினாலும், உழைத்த வாரம் உழைத்த வாரம்தான். மாட்டினால் விசா போவது எனக்கு; அவருக்கு ஒன்றும் ஆகாது. மறுத்தேன். அடுத்த வாரமே எனக்கு ஒரே ஒரு ஷிப்ட். மார்ச்சில் நூலகத்துக்கு மாறிவிட்டேன்.

சேர்ந்தவர்கள் வந்த நேரம், போன நேரம், சாப்பிட்டீர்களா இல்லையா என்பதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். அமெரிக்க மத்தியத் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவு விசா நிலை பார்க்காமல் புகாரை எடுத்துக்கொள்ளும், பெயரையும் வெளியிடாது. பொதுவாக இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். என் மீதி 119 டாலருக்கு நானும் அங்கேதான் போகிறேன்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். ‘ஆட்கள் தேவை’ என்று மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஷிப்ட்டில் சாப்பாடு இலவசமாம்.