அடுக்குத்தேனீயா, இத்தாலியத் தேனீயா, கொசுத்தேனீயா: கவனிக்காமல் விட்டால் எது என்ன ஆகும்?

தேன் பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன், எந்தத் தேனீ நல்லது என்று கேட்பவர்கள் அடுத்த கேள்வியாக வருஷத்துக்கு எத்தனை கிலோ வரும் என்றுதான் கேட்கிறார்கள். ஜூலை மழையில் எத்தனை முறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. மார்த்தாண்டம் பக்கம் தேனீயில் நாலு காசு பார்த்தவர்களையும் கையைச் சுட்டுக்கொண்டவர்களையும் பிரிப்பது அந்தக் கேட்கப்படாத கேள்விதான், அதனால் மூன்று தேனீயையும் அதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் அடுக்குத்தேனீ, அதாவது நம் நாட்டு இந்தியத் தேனீ. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து இந்த ஊரில் பெட்டியில் வளர்வது இதுதான். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். பூவே வேண்டாம். பெட்டிகளை லாரியில் ஏற்றி கேரளத் தோட்டங்கள் வரை கொண்டுபோவார்கள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெட்டிக்கு 10 கிலோ கிடைக்கும். தப்பு நடப்பது அதற்குப் பிறகு. தேனை வழித்து எடுத்துவிட்டு பெட்டியைத் தோட்டத்து மூலையில் வைத்து அடுத்த டிசம்பர் வரை மறந்துவிடுவது. மழைக்காலத்தில் வெளியே தீனி கிடையாது, உள்ளே நாம் எதையும் விட்டுவைக்கவில்லை, சர்க்கரைப் பாகும் ஊற்றவில்லை என்றால் கூட்டம் மெலியும், மெழுகுப்பூச்சி ஏறும், ஒரு நாள் காலையில் பெட்டி காலி. தேனீ ஓடிப்போவது ஒருவகையில் நல்லது என்றுகூடச் சொல்வேன், நஷ்டம் உங்களோடு முடிந்துவிடும். மெலிந்த கூட்டத்தில் நோய் புகுந்து, அது அங்கேயே கிடந்து சாவதுதான் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஆபத்து.

எந்த நோய் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1976இல் தாய்லாந்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதால் தாய் சாக்புரூட் என்று பெயர். 1991-92இல் அந்த வைரஸ் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் அடித்தபோது 90 சதவீதத்துக்கு மேல் கூட்டங்கள் போயின, ஒரே சீசனில் பெட்டியை விறகாக்கியவர்களும் உண்டு. வளர்ந்த தேனீயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சுறுசுறுப்பாகத்தான் பறக்கும். புழுதான் சாகும், கூட்டுப்புழுவாக மாறப்போகும் நேரத்தில், அறைக்குள் மல்லாந்தபடி, தலை மட்டும் படகின் முனைபோல மேலே தூக்கி நிற்க. குண்டூசியால் எடுத்தால் நீர் நிரம்பிய பைபோல வரும், அந்த நீர் முழுக்க வைரஸ். செத்ததைச் சுத்தம் செய்யும் இளம் தேனீயே அடுத்த புழுவுக்கும் ஊட்டும் என்பதால் கூட்டுக்குள் பரவ யாருடைய உதவியும் தேவையில்லை. கூட்டை விட்டு வெளியே போகத்தான் நம் உதவி தேவைப்படுகிறது: நோயுள்ள அடை கட்டிய மரச்சட்டத்தை எடுத்து நல்ல பெட்டியில் போடுவது, கையைக் கழுவாமல் பத்துப் பெட்டியையும் பார்ப்பது, பகல் வெளிச்சத்தில் பாகைச் சிந்தி பக்கத்துக் கூட்டத்தைக் கொள்ளைக்கு அழைப்பது. காவல் காக்க ஆளில்லாத மெலிந்த பெட்டிக்குள் வலுவான கூட்டம் புகுந்து தேனைத் தூக்கிப்போகும்போது கூடவே வைரஸும் போகும்.

இதற்கு மருந்து கிடையாது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் பொடியைப் பாகில் கலந்து கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதனால் தேனில் மருந்து மிச்சம் நிற்பதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. ராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரம் முட்டை வைப்பதை நிறுத்தி, நோயுள்ள அடைகளை எடுத்துப் புதைத்து அல்லது எரித்து, கூட்டத்தைக் குறைந்த சட்டங்களுக்குள் நெருக்கமாக வைத்து, மாலையில் பாகு கொடுத்தால் பல நேரம் தேறிவிடும். ஆனால் அதற்கு நோய் தொடங்கிய வாரத்திலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

சரி, இந்தத் தொல்லையே வேண்டாம், இத்தாலியன் வாங்கலாமே என்பார்கள். 1990களில் பலரும் நினைத்தது அதைத்தான், வைரஸ் அந்தத் தேனீயை இந்த அளவுக்கு வீழ்த்துவதில்லை. 1960களின் தொடக்கத்தில் இமாச்சலத்து நக்ரோட்டாவில் வேர்பிடித்த இனம், பெரிய கூட்டம், இடம் மாற்றி மாற்றி வைத்தால் 25 கிலோவுக்கு மேலும் தரும், சுலபத்தில் ஓடிப்போகாது. இதன் எமன் வேறு: வரோவா என்ற உண்ணி. அந்த உண்ணி முதலில் ஆசியத் தேனீயான நம் அடுக்குத்தேனீயின் மேல் வாழ்ந்ததுதான். அங்கே ஆண் புழு அறைகளில் மட்டுமே பெருகும், வேலைக்காரத் தேனீக்களும் கடித்துத் தள்ளும், அதனால் இரண்டும் சேர்ந்து காலம் தள்ளின. இத்தாலியத் தேனீயிடம் வேலைக்காரப் புழு அறையிலும் பெருகுகிறது, கூடவே சிறகு சுருங்கும் வைரஸையும் ஏற்றுகிறது. ஃபார்மிக் அமிலமோ வேறு சிகிச்சையோ இல்லாமல் விட்டால் பெரும்பாலான கூட்டங்கள் ஓரிரண்டு வருஷத்தில் முடிந்துவிடும், முடியும்போது அதைக் கொள்ளையடிக்க வரும் தேனீக்களின் முதுகில் ஏறி உண்ணி ஊரெல்லாம் போகும். அடுக்குத்தேனீயை மறந்தால் காலிப் பெட்டி மிஞ்சவாவது வாய்ப்புண்டு, இத்தாலியன் ஓடாமல் உட்கார்ந்தே உண்ணியை வளர்த்துக் கொடுக்கும். இதை முழுநேரத் தொழிலாகச் செய்பவர் வாங்கட்டும். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பெட்டி வைப்பவருக்கு எதற்கு?

கொசுத்தேனீயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொட்டாது, மூங்கில் குழாயிலோ மண்பானையிலோ சின்னப் பெட்டியிலோ இருந்துகொள்ளும், சட்டம் மாற்றும் வேலையே இல்லாததால் நாம் நோயைச் சுமந்து போகும் வழியும் குறைவு. எறும்பும் கூட்டுக்குள் புகும் சின்ன ஈயும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். தேன் வருஷத்துக்கு அரை கிலோ வந்தால் சந்தோஷப்படுங்கள், புளிப்பாக இருக்கும், விலை பல மடங்கு. மறதிக்காரருக்கு இதுதான்.

இடையில் ஒரு கட்சி இருக்கிறது, நான் இயற்கையாக விட்டுவிடுகிறேன், பலமுள்ளது பிழைக்கட்டும் என்பவர்கள். அதில் பாதி உண்மை: இன்று நம்மிடம் இருக்கும் அடுக்குத்தேனீ பெரும்பாலும் 1992ஐத் தாண்டிப் பிழைத்த கூட்டங்களின் வம்சம். ஆனால் பிழைத்ததிலிருந்து புதுக் கூட்டம் பிரித்து வளர்த்தது பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள். எது பிழைத்தது என்றே தெரியாதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதற்குப் பெயர் சோம்பல், இயற்கையை ஏன் இழுக்க வேண்டும்?

என் கணக்கு இதுதான். மழைக்காலத்திலும் பத்து நாளைக்கு ஒருமுறை திறக்க முடியும் என்றால் அடுக்குத்தேனீ, ஆனால் ஐந்து பெட்டிக்கு மேல் முதல் வருஷம் வேண்டாம். எப்போதாவதுதான் ஊருக்கு வருவீர்கள் என்றால் கொசுத்தேனீ இரண்டு கூடு. ஏற்கெனவே செத்த பெட்டி ஏதாவது கொட்டிலில் கிடந்தால் புதியது வாங்குமுன் பழைய அடைகளை எரித்துவிடுங்கள். அப்புறம், வாங்கப் போகும்போது ஜனவரியில் போகாதீர்கள், அப்போது எல்லார் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் போய் நடுச் சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், புழு அறை அடுத்தடுத்து நிறைந்து நல்ல கூட்டமாக இருக்கிறதா, நோய் வந்ததுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.