விடாமல் அழைக்கும் டெலிக்ஸ்

தொலைபேசி லைன் வழியே கணினியை இணைக்கும் கருவியான மோடத்துக்கான மென்பொருள்களில், பிஸியான எண்ணைத் தானே திரும்பத் திரும்ப அழைக்கும் மறுஅழைப்பு வசதியை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இன்றும் டெலிக்ஸைத்தான் சொல்வேன். 1980களில் கனடாவில் டாஸ் கணினிகளுக்காக எழுதப்பட்ட ஷேர்வேர், அதாவது பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டும் மென்பொருள் அது. தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில், வெறும் எழுத்துத் திரை மட்டும் கிடைக்கும் இணையக் கணக்குக்கு என் 486 கணினியில் அதைத்தான் அன்றாடம் ஓட்டினேன். மாலை ஆனால் இணைப்பு எண்கள் எல்லாமே பிஸி. மோடத்துக்கே ஏ/ என்றொரு கட்டளை உண்டு. தட்டினால் கடைசி எண்ணை மறுபடி அழைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து தட்ட வேண்டும். டெலிக்ஸிடம் ஒப்படைத்துவிட்டால் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். பிஸியான அழைப்புக்கு மீட்டரும் ஓடாது.

ஆல்ட்-டி அழுத்தினால் எண் பட்டியல் வரும். வேண்டிய எண்களையெல்லாம் குறித்துவிட்டால் ஒன்று பிஸி என்றதும் அடுத்ததற்குத் தாவி, முடிந்ததும் முதல் எண்ணுக்குத் திரும்பி, ஏதாவது ஒன்று கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு எண்ணுடனும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, இணைத்து வைக்கலாம். இணைப்புக் கிடைத்த கையோடு பயனர் பெயரை அதுவே அனுப்பிவிடும். மறுஅழைப்பின் முழுப் பயன் அதில்தான் இருக்கிறது. கிடைத்த இணைப்பு, நாம் வருவதற்குள் லாகின் கேட்டுக் கேட்டு அறுந்துபோனால் என்ன லாபம்?

ஆனால் நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியமைக்காமல் இதை மதிப்பிடக் கூடாது. நமது பிஸி டோன் 400 ஹெர்ட்ஸில் முக்கால் வினாடி ஒலித்து முக்கால் வினாடி ஓயும். அமெரிக்காவில் இரண்டு அதிர்வெண்கள் கலந்து அரை வினாடி ஒலித்து அரை வினாடி ஓயும். டயல் டோனும் வேறுதான். அதனால் அமெரிக்க மோடம் இங்கே நல்ல லைனிலும் ‘நோ டயல்டோன்’ என்று சொல்லிவிடலாம். தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தால் டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணை அழைக்கும். பிஸி டோனையும் மோடம் அடையாளம் காணவில்லை என்றால் டெலிக்ஸ் மேல் குற்றமில்லை. மோடம் பேசாமல் இருந்து, காத்திருப்பு நேரம் தீர்ந்த பிறகே ‘நோ கேரியர்’ (இணைப்புக் கிடைக்கவில்லை) என்று சொல்லும். மறுஅழைப்பு நத்தையாகிவிடும்.

காத்திருப்பு நேரத்தைக் குறைத்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். மறுமுனை எடுத்து, இரண்டு மோடங்களும் இரைந்து வேகத்தைப் பேசி முடிக்கவே பல வினாடிகள் ஆகும். அதற்குள் நேரம் முடிந்தால், கிடைத்த இணைப்பை நம் மென்பொருளே துண்டித்துவிட்டு மறுபடி அழைக்கத் தொடங்கும். இணைப்புக்காக மோடம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எஸ்7 பதிவேட்டில் 60 வினாடி கொடுங்கள். டெலிக்ஸில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். அழைப்புகளுக்கு இடையிலும் சில வினாடி விடுங்கள். எக்ஸ்சேஞ்ச் லைனை விடுவிக்க வேண்டாமா?

விண்டோஸ் 95 வந்தபின் அதன் இணைய இணைப்பு வசதியான டயல்-அப் நெட்வொர்க்கிங்கில் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி என்று குறிப்பிட முடிந்தது. விண்டோஸுடன் வந்த மோடம் மென்பொருளான ஹைப்பர்டெர்மினலில், பிஸியானால் மறுபடி அழைக்கக் குறியிடும் ஒரு கட்டம் பின்னாளில் இருந்தது, அவ்வளவுதான். எண் மாற்றி எண் சுற்றிவரும் அந்தச் சுகம் இரண்டிலும் இருக்கவில்லை.

பழைய கணினியைத் தூசி தட்டி டெலிக்ஸைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய எண்ணைப் பட்டியலில் சேர்த்ததும் மோடம் ஒலிபெருக்கியை எம்1 கட்டளையால் திறந்து வைத்து, முதல் அழைப்பை நீங்களே காதால் கேளுங்கள். ஓர் இலக்கம் தவறினால், யாரோ ஒரு முதியவர் நள்ளிரவில் எழுந்து எழுந்து வந்து தொலைபேசியை எடுத்து மோடத்தின் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார். மென்பொருளுக்கு அது தெரியாது. இதனால்தான் சில நாடுகளுக்கென விற்கப்பட்ட மோடங்கள், ஒரே எண் தொடர்ந்து தோற்றால் கொஞ்ச நேரம் அதை அழைக்கவே மறுக்கும். திரையில் ‘டிலேய்டு’ என்று வந்தால் டெலிக்ஸ் அமைப்புகளைக் கிளறாதீர்கள். அது மோடத்தின் வேலை.