குன்னூர் பழைய பர்னிச்சர் கடை: ரெக்கை முளைச்ச டேபிள் வாங்குன கதை

போன மாசம் குன்னூர் போனப்ப பெட்போர்டுக்கு கொஞ்சம் மேல ஒரு பழைய பர்னிச்சர் கடை, எஸ்டேட் பங்களா காலி பண்றப்ப வர்ற சாமான வாங்கி விக்கிறாங்க, பேரு வேணாம். உள்ள போனா ஒரே ஈர வாடை, அது மேல பாலிஷ் வாடை, ஆனா சரக்கு நெஜமாவே நல்லாருக்கு.

என் கண்ணு நின்னது ஒரு சின்ன டேபிள்ல. நாலு காலும் உருவம். மேல பொம்பள முகம், கைக்கு பதிலா ரெக்கை, இடுப்புக்குக் கீழ உடம்பு அப்படியே இலைச்சுருளா மாறி கடைசில சிங்கப் பாதத்துல முடியுது. கடைக்காரர் "இத்தாலி சார், 500 வருஷம்"னு அடிச்சு விட்டார். டிசைன் அங்கத்ததுதான், அதுல பொய்யில்ல. 1480 வாக்குல ரோம்ல மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடந்த நீரோ மன்னன் அரண்மனை ஆப்டுச்சு, ஓவியருங்க ஓட்டை வழியா உள்ள எறங்கி செவுத்துல இருந்த பாதி ஆளு பாதி செடி உருவத்தயெல்லாம் பாத்து வரைஞ்சுக்கிட்டாங்க, எடம் குகை மாதிரி இருந்ததால குகைக்கான இத்தாலி வார்த்தைலருந்தே இந்த டிசைனுக்கு குரோட்டெஸ்க்னு பேரு, அப்புறம் ஓவியர் ரஃபேலோட ஆளுங்க வாடிகன்ல வரைஞ்சு, அச்சுப் படமா ஐரோப்பா பூரா சுத்தி தட்டு, பீரோ, நாற்காலின்னு ஏறிடுச்சு.

ஆனா இந்த டேபிள் இத்தாலி இல்லீங்க. கவுத்துப் பாத்தா நம்மூரு ஈட்டி மரம், மூலைல மெஷின்ல செஞ்ச கூர்முனை ஸ்க்ரூ, அதெல்லாம் 19ஆம் நூற்றாண்டு நடுவுலதான் பரவலா வந்துச்சு. வெள்ளக்காரன் படத்தக் காட்டி இங்க ஏதோ ஆசாரிய செதுக்க வச்சிருப்பான், அவருக்கு யாளி கைப்பழக்கம் போல, பொம்பளைக்கு அதே முட்டைக்கண்ணு! எனக்கு அதுதான் புடிச்சதே. 18,000 சொன்னத 11,500க்கு முடிச்சேன்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது, ஒரு கால் இடுப்புல ஒடிஞ்சு ஒட்டுனது, பாலிஷ் போட்டு மறைச்சுருக்காங்க. யாளின்னா தூணோட தூணா நின்னு பாரம் தாங்கும், இதுக்கு இடுப்பே இலைத்தண்டுதான. வித்ருவியஸ்னு ரோமானிய கட்டடக் கலைஞர் ஒருத்தர் 2000 வருஷம் முன்னாடியே இந்த மாதிரி செவுத்து ஓவியத்த திட்டிருக்கார், தண்டு எப்படிய்யா கூரையத் தாங்கும்னு. எனக்கு டேபிள்லயே பலிச்சிருச்சு. போன் போட்டா "பழைய சாமான் சார், அப்படித்தான் இருக்கும்"ங்கறார்.

டெலிவரி மட்டும் குறை சொல்ல முடியாது, சாக்கு சுத்தி மேட்டுப்பாளையம் வரைக்கும் 800, ஒரு கீறல் இல்ல. 5க்கு 3. போறவங்க டேபிள் கால இடுப்புப் பக்கம் புடிச்சு ஆட்டிப் பாத்துட்டு விலை பேசுங்க, டார்ச் கொண்டு போங்க, மதியம் 2லருந்து 3 வரைக்கும் சாத்திருவாங்க.