வெயிலா, காற்றாடியா, மின்பெட்டியா: மூலிகை இலையை எதில் உலர்த்துவது?

போன நவம்பரில் ஒரு முழுப் போத்தல் துளசியைக் குப்பையில் கொட்டினேன். பறித்து, கழுவி, நான்கு நாள் நிழலில் போட்டு, கையில் நொறுங்குகிறதே என்று நம்பி மூடி வைத்தது. பத்தாம் நாள் திறந்தால் நனைந்த கோணிச்சாக்கு வாடை. காம்பும் இலையும் சேரும் இடத்தில் வெள்ளை நூலாகப் பூஞ்சை. இலை காய்ந்திருந்தது, காம்பு காயவில்லை. காம்புக்குள் தங்கிய ஈரம் மெல்ல இலைக்கு ஏறி மொத்தத்தையும் கெடுத்துவிட்டது.

அதற்கப்புறம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டில் ஒவ்வொரு வழியையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கொல்லையில் இருப்பவை நான்குதான்: துளசி, முருங்கை, கறிவேப்பிலை, பூனை மீசை. மலாய்க்காரர்கள் மிசாய் கூச்சிங் என்று தேநீர் போட்டுக் குடிக்கிறார்களே, அந்தச் செடிதான் பூனை மீசை. நான்கையும் ஒரே மாதிரி உலர்த்த முடியாது என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

முதலில் நம் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு உறவினரைக் கேட்டால், "ரெண்டு நாள் வெயில்ல போடுங்க, தன்னால காஞ்சிடும்" என்பார்கள். அங்கே அது நடக்கும். இலை காய்வதற்குச் சூடு மட்டும் போதாது, தண்ணீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். திறந்த வெளியில் உலர்த்த, காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உணவு உலர்த்துவோர் சொல்லும் பொது விதி. இங்கே சராசரியே 70 முதல் 90 வரை போகிறது. நடுப்பகலில் சில மணி நேரம் இறங்கும், இரவில் ஏறிவிடும். பகலில் விட்ட ஈரத்தை இலை இரவில் திரும்பக் குடிக்கும். வெளியே போட்டால் இந்த இழுபறிதான் நாள்கணக்கில் நடக்கும்.

வெயில்

பாட்டி தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் சுளகு நிறைய மோர் மிளகாயும் வடகமும் காயவைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உப்பும் புளிப்பும் ஏறிய பண்டத்துக்கு வெயிலை மிஞ்ச ஆளில்லை, இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். இலைக்கு அது ஒத்துவராது. நேர்வெயிலில் துளசி கறுத்துப்போகும், அதன் வாசனைக்குக் காரணமான எண்ணெய் பறந்துவிடும். முருங்கையில் நாம் எதற்காக ஆசைப்படுகிறோமோ அந்த வைட்டமின் ஏ சத்தும் வெளிச்சத்தில் குறையும். இதெல்லாம் போக, மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வரும்போது வேலையிடத்தில் இருப்பவர் சுளகை எப்படி எடுப்பார்? புகைமூட்டம் வரும் மாதங்களில் வெளியே எதையும் விரித்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை. இலைக்கு வெயில் வேண்டாம் என்பது என் முடிவு.

நிழலும் காற்றாடியும்

செலவில்லாத வழி இது என்று பலரும் நினைக்கிறோம். ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடலாம். நெத்திலி காயவைக்கும் அடுக்கு வலை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், அதில் இலையைப் பரப்புவது இன்னும் நல்லது. ஈ அண்டாது, இரண்டு பக்கமும் காற்றுப் படும். காற்றாடியை நேராக இலைமேல் திருப்பாமல் சுவரைப் பார்க்க வைத்து, அறைக்காற்று சுழலும்படி விட வேண்டும்.

வாசனையைக் காப்பதில் இதற்குத்தான் முதலிடம். நிதானமாகக் காய்ந்த துளசியைக் கசக்கினால் பச்சைத் துளசியின் காரம் அப்படியே மூக்கில் ஏறும். ஆனால் கழுத்தை அறுப்பதும் இதுதான். மழைக்காலத்தில் நான்கு நாள், ஐந்து நாள் என்று இழுக்கும். அதற்குள் தடித்த காம்பில் பூஞ்சை பிடித்துவிடும். என் நவம்பர் துளசி போனது இப்படித்தான். செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 50 வாட் காற்றாடி நான்கு நாள் விடாமல் ஓடினால் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரம். இலையைச் சூட்டில் உலர்த்தும் 300 வாட் மின்பெட்டி ஆறு மணி நேரம் ஓடினால் 2 யூனிட்டுக்கும் குறைவு. இதைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

இரவில் ஏர்கோன் போடும் அறை இருந்தால் கதை வேறு. ஏர்கோன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும், வலையை அந்த அறையில் மாட்டினால் வழக்கமாகப் பிடிக்கும் நாள்களில் பாதியிலேயே வேலை முடியும். எப்படியும் ஓடப்போகிற ஏர்கோன்தான் என்றால் அந்த வசதியை விடாதீர்கள்.

மின்பெட்டி

தட்டு தட்டாக அடுக்கி, அடியில் சூடும் விசிறியும் உள்ள டிஹைட்ரேட்டர். இதை வாங்கிய முதல் வாரம் நானும் அவசரப்பட்டேன். 70 பாகை செல்சியஸில் வைத்து இரண்டு மணி நேரத்தில் முருங்கையை எடுத்தேன். சருகு நிறம், வைக்கோல் வாசம். அப்போதுதான் தாத்தாவின் பேச்சு ஞாபகம் வந்தது. அவர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைத்தவர். ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் ஷீட்டில் கொப்புளம் விட்டுத் தரம் இறங்கிவிடுமாம். மெல்ல ஏற்றி, 60 பாகையைத் தாண்டாமல் பல நாள் வைத்துத்தான் எடுப்பார்கள். முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். உள்ளே வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி கூடத்துக்கு.

இலைக்கும் இதே நியாயம்தான். மூலிகைக்கு 35 முதல் 46 பாகை போதும் என்பார்கள். நம்மைப் போல ஈரக்காற்று உள்ள ஊரில் 50 பாகையைச் சற்றே தாண்டலாம். நான் 45இல் வைக்கிறேன். காம்பு உருவிய முருங்கை நான்கு மணி நேரத்தில் சலசலக்கும். கறிவேப்பிலை ஐந்து மணி நேரம் பிடித்தாலும் பச்சை மாறாமல் வரும். வெயிலில் அந்தப் பச்சையைப் பார்க்கவே முடியாது. மழை, இரவு, புகைமூட்டம் எதுவும் பெட்டிக்குக் கணக்கில்லை. வாசனையில் மட்டும் நிழலுக்கு ஒரு படி கீழே.

பெட்டி வாங்குகிறவர்கள் பாகையைத் திருப்பி வைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே சூட்டில் ஓடும் மலிவுப் பெட்டி மீனுக்கும் வாழைப்பழத்துக்கும் சரி, இலைக்கு வேண்டாம்.

மைக்ரோவேவும் ஓவனும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோவேவில் நாலைந்து கொத்தைக் காகிதத் துண்டுக்கு நடுவே வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் காய்ந்துவிடும். இன்றைய ரசத்துக்கு ஒரு பிடி வேண்டுமென்றால் ஆகும். கிலோக்கணக்கில் ஆகாது, கவனம் தப்பினால் கருகும். மேசைமேல் வைக்கும் சின்ன ஓவனில் குறைந்த சூடே இலைக்கு அதிகம்.

போத்தலில் ஆறவிடுவது

எந்த வழியில் உலர்த்தினாலும் இந்தக் கட்டத்தைத் தவிர்க்கக்கூடாது. நான் தவறியதும் இங்கேதான். உலர்ந்த இலையைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். அதிகம் காய்ந்த இலையும் குறைவாகக் காய்ந்த இலையும் ஈரத்தைப் பங்குபோட்டுச் சமமாகும். உள்கண்ணாடியில் பனி படிந்தால் தாத்தா செய்தது போலத்தான், மொத்தமும் திரும்பப் பெட்டிக்கு. காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானி ஒன்றைச் சில நாள் உள்ளே போட்டு வைக்கிறேன். 60 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் பூஞ்சை பிடிக்காது.

தராசும் உதவும். பச்சை முருங்கையிலையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ பச்சை இலை 250 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை என்றால், கைக்கு எவ்வளவு மொறுமொறுப்பாகத் தெரிந்தாலும் மூடிவிடாதீர்கள். பூனை மீசைக்குத் தண்டு சொல்லும்: வளைந்தால் ஈரம், 'டக்' என்று ஒடிந்தால் சரி.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுகிறவர்கள் நீல நிறத்ததைத் தவிர்க்க வேண்டும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, சாப்பிடும் பொருளோடு வைக்கக்கூடாதது. இன்னொன்று, பூஞ்சை வந்த இலையைத் தட்டிவிட்டு வெயிலில் காட்டித் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சில பூஞ்சை நச்சுகள் கொதிக்க வைத்தாலும் போகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பூனை மீசைத் தேநீரைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது என் வீட்டு வழக்கம் இது. காலைப் பனி உலர்ந்ததும் பறித்து, கழுவி, பழைய வேட்டியில் ஒற்றி எடுக்கிறேன். முருங்கையும் கறிவேப்பிலையும் நேராகப் பெட்டிக்கு. துளசியும் பூனை மீசையும் முதல் நாள் வலையில், காற்றாடிக் காற்றில். மறுநாள் 40 பாகையில் மூன்று மணி நேரம் பெட்டியில். இந்த இரண்டு படியில் வாசனையும் நிற்கிறது, காம்பும் காய்கிறது. கொல்லை சிறியது, பெட்டி வாங்க முடியாது என்கிறவர்கள் இலையைக் காம்பிலிருந்து உருவி வலையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மழையில்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். சமையலில் வாசனைக்குப் போடும் பண்டான் இலையை மட்டும் எதிலும் உலர்த்தாதீர்கள். வாசனை போய்விடும், நறுக்கி உறைபெட்டியில் வையுங்கள்.

பக்கத்து வீட்டு அத்தை போன வாரம் ஒரு சின்னப் போத்தல் துளசி வாங்கிப் போனார். நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "தம்பி, தெனமும் குலுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணாடியில ஒண்ணும் படியல. இன்னும் எத்தனை நாளு?"

"இன்னும் மூணு நாள் குலுக்குங்க அத்தை, அப்புறம் அலமாரியில இருட்டா ஒரு மூலையில வச்சிருங்க."