வீட்டுக் கர்ப்பப் பரிசோதனை கிட்: எது வாங்கலாம், எவ்வளவு நம்பலாம்?

பட்டை, கேசட், பேனா போன்ற குச்சி, டிஜிட்டல் என்று நாலு வகை விற்கிறார்கள். நாலும் தேடுவது சிறுநீரில் உள்ள ஹெச்.சி.ஜி. ஹார்மோனைத்தான். அதனால் விலை கூடினால் துல்லியம் கூடும் என்று நினைக்க வேண்டாம். மில்லி லிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவைக் கண்டுபிடிக்கும் சாதாரணப் பட்டையே பெரும்பாலானோருக்குப் போதும். உறையில் காலாவதி தேதியை மட்டும் பாருங்கள்.

"99% துல்லியம்" என்ற வாசகம் மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்துதான் பொருந்தும். கரு கருப்பையில் ஒட்டிய பிறகே இந்த ஹார்மோன் சுரக்கும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகும். நாலு நாள் முன்னதாகப் பார்த்து 'இல்லை' என்று வந்தால் அதை முடிவாக எடுக்கக் கூடாது. நாள் தள்ளிப்போயும் 'இல்லை' என்றே வந்தால், 48 முதல் 72 மணி நேரம் கழித்து, காலையின் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துப்போகும்.

பட்டையில் 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டி நனைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கேசட்டில் உறையில் சொன்ன சொட்டுகள் மட்டும், பெரும்பாலும் மூன்று. 'சி' கோடு (கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் கோடு) வராவிட்டால் அந்த கிட் செல்லாது. 'டி' கோடு (ஹார்மோன் இருப்பதைக் காட்டும் கோடு) மங்கலாக இருந்தாலும், நிறத்தோடு, குறித்த நேரத்துக்குள் வந்தால் 'ஆம்' என்றே கொள்ளலாம். பத்து நிமிடம் கழித்துத் தெரியும் சாம்பல் கோடு சிறுநீர் காய்ந்த தடம். குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி பார்ப்பது வீண் மனவேதனை.

டிஜிட்டலில் கோட்டை உற்றுப்பார்க்கும் தவிப்பு இல்லை, அதற்காக வாங்கலாம். ஆனால் உடைத்துப் பார்க்காதீர்கள்: சில மாடல்களில் கர்ப்பம் இல்லாவிட்டாலும் உள்ளே இரண்டு கோடு இருக்கும்.

கருத்தரிப்புச் சிகிச்சையில் ஹெச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு இரண்டு வாரம் வரை பொய்யாக 'ஆம்' காட்டலாம். கருக்கலைந்த பிறகும் சில வாரங்கள் ஹார்மோன் தங்கும். கருத்தடை மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ முடிவை மாற்றாது.

'ஆம்' என்று வந்தால் மருத்துவரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்வார்கள். உள்வழி (பிறப்புறுப்பு வழியாகச் செய்யும்) ஸ்கேனில், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வாரவாக்கில் கருவைச் சுற்றிய நீர்ப்பை தெரியும், ஆறாவது வாரவாக்கில் இதயத் துடிப்பு. கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை எந்த கிட்டும் சொல்லாது. அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இருந்தால் அது கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.