பிலே தீவு: ஹாப்பியின் குகையைத் தேடிப் போகிறவர்களுக்கு

மதிப்பீடு: ஐந்துக்கு நாலு

பண்டைய எகிப்தியருக்கு நைல் வெள்ளமே ஹாப்பி என்ற தெய்வம். ஆனால் ஐசிஸுக்கும் ஹோரஸுக்கும் இருப்பதுபோல அவருக்கென்று பெரிய கோயில் கிடையாது. மற்ற தெய்வங்களின் கோயில்களில் சுவரின் அடிவரிசையில் உணவுத்தட்டு ஏந்தி நடப்பார், அரசர்களின் அரியணைப் பக்கத்தில் பாப்பிரஸ் தண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். அவரை அவர் வீட்டிலேயே காட்டும் சிற்பம் அஸ்வானை அடுத்த பிலேவில் இருக்கிறது.

ஐசிஸ் கோயிலுக்கு மேற்கே, ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரிலுள்ள வாசலின் உட்சுவரைப் பாருங்கள். பாறைகளை அடுக்கியதுபோல ஒரு குன்று, உச்சியில் கழுகும் வல்லூறும். அடியில் குகை. குகையை ஒரு பாம்பு முழுக்க வளைத்திருக்கிறது. உள்ளே தலையில் நீர்ச்செடிக் கொத்தோடு குந்தியிருக்கும் ஹாப்பி இரண்டு குடங்களிலிருந்து தண்ணீர் வார்க்கிறார். அந்தக் குன்று பழைய பிலேவுக்கு எதிரே இருந்த பிகே தீவு. ஐசிஸின் கணவரான ஆசிரிஸ் தெய்வத்தின் கால் அங்கே இருப்பதாகவும் வெள்ளம் அதிலிருந்து ஊறுவதாகவும் நம்பினார்கள். 1972 முதல் 1980 வரை கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து அகில்கியா தீவுக்கு மாற்றிவிட்டதால், வாசலுக்கும் பிகேவுக்கும் இருந்த பழைய நெருக்கம் இப்போது இல்லை.

செதுக்கல் ஆழம் குறைவு. கைபேசி வெளிச்சத்தை நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். சுவரைத் தொடாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பாம்பின் வளைவு எழுந்து நிற்கும். தேதி தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் (எகிப்தியப் பட எழுத்து) கல்வெட்டும் இதே வாசலில்தான்: கி.பி. 394, ஆகஸ்ட் 24.

ஒரு மதிப்பெண் குறைத்தது படகுக்காக. ஷெல்லால் துறையில் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. ஏறும் முன்பே போகவர எவ்வளவு, படகுக்காரர் எத்தனை மணி நேரம் காத்திருப்பார் என்று இரண்டையும் பேசி முடிக்க வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் கேளுங்கள். அவசரக் குழுக்கள் ஐசிஸ் கோயிலையும் கிழக்கே டிராஜன் மண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மேற்கு வாசல் விட்டுப்போகும்.

மறுநாள் எலிஃபன்டைன் தீவில் நைல் நீர்மட்டத்தை அளந்த நைல்மானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் இறங்கும் 90 படிகள், சுவரில் முழக் குறிகள். ஒரு முழம் சுமார் 52 சென்டிமீட்டர். அந்தக் காலத்தில் நீர் குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் கரையும் ஊரும் போகும், வரியும் அந்தக் குறியைப் பார்த்துத்தான். 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் ஆண்டுதோறும் வந்த அந்த வெள்ளம் அஸ்வானுக்கு வருவதில்லை. கீழ்ப்படிகள் வழுக்கும், பிடிப்பான செருப்பு அவசியம்.