காசு கொடுத்து வேலை பார்த்த கப்பல்: இரண்டாவது தடவை

ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிற மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக் கப்பலுக்குப் போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு சம்பளம் என்பதுதான். சம்பளம் கிடையாது. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் நம் கைக்காசு, போதாததற்குக் கப்பலில் தங்கிச் சாப்பிடுவதற்கும் மாதாமாதம் நாம்தான் கட்ட வேண்டும். எலத்தகிரியில் என் பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, “காசையும் குடுத்து வேலையும் செய்வாங்களாடி?” என்றார். நான் செய்தேன், அதுவும் இரண்டு தடவை.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். முதலில் போனது 2018 கடைசியில், கினியாவின் கொனாக்ரி துறைமுகத்தில் நின்ற ஆஃப்ரிக்கா மெர்சிக்கு. அது ஒரு காலத்தில் டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய கப்பல், ரயில் நின்ற தளத்தையே வார்டாகவும் ஆபரேஷன் தியேட்டராகவும் மாற்றியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேர், ஒருத்தி இருமினால் ஆறு பேருக்கும் தூக்கம் போகும். இந்தத் தடவை 2024-ல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் குளோபல் மெர்சி, எட்டு வாரம். இது ஆஸ்பத்திரிக்கென்றே சீனாவின் தியான்ஜினில் கட்டிய கப்பல்: 174 மீட்டர் நீளம், 12 தளம், 6 ஆபரேஷன் தியேட்டர், கிட்டத்தட்ட 200 படுக்கை. வசதியில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் பழைய கப்பலில் எல்லாரும் எல்லாரையும் இடித்துக்கொண்டே நடந்ததால் இரண்டே நாளில் பேர் பழகிவிடும், புதியதில் ஒரு வாரம் ஆனது.

வாந்தி வராதா என்று கேட்பவர்களுக்கு: கப்பல் ஓடாது. மாதக்கணக்கில் துறைமுகத்தில் கட்டியே கிடக்கும், என்றாவது குளுக்கோஸ் பாட்டில் லேசாக ஆடினால்தான் தண்ணீரில் இருக்கிறோம் என்ற நினைப்பே வரும்.

பயணம்தான் பெரிய தலைவலி. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் (பெயர் வேண்டாம்) மஞ்சள் காய்ச்சல் ஊசி பழசாகிவிட்டது, மறுபடி போட்டால்தான் விடுவார்கள் என்று அடித்துச் சொன்னார். நான் 2018-லேயே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டவள். வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்த பிறகுதான் தெரிந்தது, 2016-லிருந்தே அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். புதிதாகப் போடுகிறவர்கள் மட்டும், ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும் என்பதை நினைவில் வையுங்கள். சான்றிதழான அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள்.

ஃப்ரீடவுன் விமான நிலையத்தின் பெயர் லுங்கி. சத்தியமாக. அங்கிருந்து நகரத்துக்குப் படகில் தண்ணீரைத் தாண்டிப் போக வேண்டும். கப்பல் வாசலில் காவலுக்கு நேபாளக் கூர்க்காக்கள், என் அரைகுறை இந்தி அங்கேதான் உதவியது.

ஊர்க்காரர்கள் பேசுவது கிரியோ. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் “ஹவ் டி பொடி?” என்று கேட்பார்கள், உடம்பு எப்படி என்று அர்த்தம். டப்பாவில் இட்லிப் பொடியோடு போயிருந்த எனக்கு முதல் நாள் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெம்னே, மெண்டே மட்டும் தெரிந்தவர்களுக்கு உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள், அவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் ஒன்றுமே இல்லை.

சாப்பாட்டில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். குச்சிக்கிழங்கு இலையை இடித்து, நெடுநேரம் வேகவைத்து, பாமாயிலில் குழம்பாக்கிச் சோற்றில் ஊற்றுகிறார்கள். தர்மபுரிப் பக்கம் அந்தத் தழையை ஆடு மேய்ந்துவிட்டால் வீடே அலறும், செத்துப்போகும் என்று. நான் முதல் வாய் வைத்தபோது மனசுக்குள் ஆடுதான் வந்தது. அப்புறம் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

வேலை எப்படி என்றால், நம் ஊர் தனியார் வார்டு அளவுக்கு ஆளுக்கு இத்தனை நோயாளி என்ற நெருக்கடி இல்லை, பேசுவதற்கு நேரம் இருக்கிறது. எனக்குப் போட்டது குழந்தைகளின் எலும்பு வார்டு. கால் வில்லாக வளைந்தவர்கள், முட்டி இரண்டும் உள்ளே இடிப்பவர்கள், இரண்டு காலும் ஒரே பக்கம் காற்றில் சாய்ந்த மாதிரி வளைந்தவர்கள். இந்தக் கால்களை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு பல்லைக் காவியாக்கும், ரொம்ப மோசமானால் எலும்பையும் வளைக்கும். 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சிரித்தாலே ஊர் தெரிந்துவிடும். அங்கே காரணம் வேறு, எலும்பு வலுவிழந்து வளைகிற ரிக்கெட்ஸ் மாதிரியான நோய்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கடைசியாக ஓடி வருகிற பிள்ளையின் முகம் ஒன்றுதான்.

ஆறு வயதுப் பையன் ஒருவன், இரண்டு காலிலும் தொடை வரை மாவுக்கட்டு. அவன் அம்மா இரவில் அவன் கட்டிலுக்கு அடியிலேயே மெத்தை போட்டுப் படுப்பார், கப்பலில் துணைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் இடம். பையன் ராத்திரி விழித்தால் மாவுக்கட்டில் விரலால் தாளம் போடுவான், கீழேயிருந்து அம்மா கட்டில் சட்டத்தில் பதில் தாளம் போடுவார். டார்ச்சோடு ரவுண்டு போகிற நான் அந்தச் சத்தம் முடியட்டும் என்று திரையோரம் நின்றுவிடுவேன்.

ரத்தம் கொடுப்பதும் இங்கே நாம்தான். ரத்த வங்கி என்பது கப்பலில் நடமாடுகிற ஆட்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கூப்பிட்டார்கள், கொடுத்துவிட்டு வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

கிறிஸ்தவக் கப்பல் என்றால் மதம் மாற்றுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு: ஜெபம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை வார்டிலேயே மேளம் அடித்துப் பாட்டும் உண்டு. அறுவை சிகிச்சை யாருக்கும் இலவசம், மதம் பார்ப்பதில்லை. கொனாக்ரியில் என் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள்.

நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது செலவுக்காக. நம் நர்ஸ் சம்பளத்தில் எட்டு வாரம் சம்பளமில்லா லீவு போட்டு, இவ்வளவும் கட்டிவிட்டுப் போவது விளையாட்டில்லை. முதல் தடவை கப்பல், ஆப்பிரிக்கா என்று வேடிக்கை பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விட்டது, வேலை என்று உருப்படியாகச் செய்தது இந்தத் தடவைதான். அதனால் போகிறவர்கள் முடிந்தால் இரண்டு தடவைக்குச் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். எனக்கு மூன்றாவதுக்கு இன்னும் சேரவில்லை, சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன்.